அமாவாசையில் விளக்கணைக்கக் கேட்டவர்

காதர் பாய் போய்விட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னபோது, திண்டுக்கல்லில் என் லேத் பட்டறையில் அவருக்காகத்தான் ஒரு வளையம் கடைந்துகொண்டிருந்தேன். கேமராவைத் தொலைநோக்கியோடு சேர்க்கும் வளையம். காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். மெஷினை நிறுத்திவிட்டு நானும் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. இதை எழுதும்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டரும் கம்பளியும் விற்பவர் என்றுதான் ஊர் அவரை அறியும். நிலவில்லாத நாட்களில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மேல்மலைக்குப் போய், பூண்டியில் பொன்னுச்சாமி என்ற விவசாயியின் காட்டோரம் தொலைநோக்கியை நிறுத்தி வானத்தைப் படம் எடுப்பார் என்பது நம்மைப் போல வானம் பார்க்கும் சிலருக்குத்தான் தெரியும். ஏதோ ஒரு உதிரிப்பாகம் செய்யக் கேட்டு என் பட்டறைக்கு வந்தவர், என்னையும் இந்தச் சோலியில் இழுத்துவிட்டார். அன்றோடு என் தூக்கமும் போயிற்று, முழங்காலும் போயிற்று.

ரமலான் பிறை பார்க்கும் நாளில் பஜாரில் அவரை விடமாட்டார்கள். "பாய், ஒங்க கொழாயத் தூக்கிட்டு வாங்க, மேகத்துக்குள்ள இருந்தாலும் புடிச்சிரலாம்" என்று கிண்டல் செய்வார்கள். அவர் அசைய மாட்டார். "பிறைக்குக் கண்ணு போதும்ப்பா. கண்ணுக்குச் சிக்காததுக்குத்தான் கொழாய்" என்பார். அந்த மாதத்திலும் மலையேறி, காட்டிலேயே நோன்பு திறந்து, விடியுமுன் உண்ணும் சஹர் சோற்றையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வெள்ளனே கடைக்கு வந்து நிற்பார். நோன்பு வைக்காத நான்தான் வண்டியில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன்.

படம் எடுத்து முடிந்ததும் மூடியைப் போட்டுவிட்டு, அதே அளவு நேரம் வெறும் இருட்டையும் படம் எடுப்பார். குளிரில் பல் கிட்டும்போது இது வேறு. ஒருநாள் பொன்னுச்சாமி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "மூடியப் போட்டுட்டு என்னத்த பாய் படம் புடிக்கிறீக?"

"கேமரா தானாச் சொல்ற பொய்யப் புடிக்கிறேன். இல்லாத புள்ளியெல்லாம் காட்டும். அதக் கழிச்சாத்தான் மிச்சம் நெசம்."

"எங்க பஞ்சாயத்துக்கும் அப்பிடி ஒரு மூடி இருந்தா நல்லாருக்கும்" என்றார் பொன்னுச்சாமி. பாய் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடி, மூடி கழன்று, அன்றைய கடைசி இருட்டுப் படம் கெட்டுப்போனது.

அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு படத்துக்குத்தான். தெற்கே, தாழ்ந்த வானத்தில், வேலா என்ற விண்மீன் கூட்டத்தில், எப்போதோ வெடித்துப்போன ஒரு விண்மீனின் எச்சம் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. பல இரவுகளில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும். பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும். அதற்குள் மேகம் வந்துவிடும். மேகம் விலகினால் லென்ஸில் பனி படியும். இதெல்லாம் போதாதென்று, நேர் தெற்கே சரிவில் ஒரு தங்கும் விடுதி வந்து, வானத்தைப் பார்த்துப் பெரிய விளக்குகளை எரியவிட்டது.

நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் விளக்கு எரியும்போது ஒரு படமும், மின்சாரம் போன ஒருநாளில் ஒரு படமும் எடுத்து, இரண்டையும் சட்டம் போட்டுக்கொண்டுபோய் விடுதி மேனேஜர் ஜெரால்டிடம் கொடுத்தார். "ஒங்க கெஸ்ட்டுக்கும் இத காட்டுங்க தம்பி" என்றார். ஜெரால்டு முதலாளியிடம் பேசினார். பாய் சாயங்காலம் போன் செய்து கேட்கும் நாளில் மட்டும் விளக்கு அணையும், கேட்காவிட்டால் எரியும் என்று முடிவாயிற்று. அதன்பின் அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு அவர் செய்யும் முதல் வேலை அந்தப் போன்தான்.

போன பனிக்காலம் முழுக்க மேகம். ஏறிப்போய் ஏறிப்போய் வெறுங்கையோடு இறங்கினோம். "போதும் பாய், எனக்கு ஏலல" என்று சொல்லிவிட்டேன்.

"ஏலலேன்னா வராத முருகேசு. கோவமில்ல. அது வெடிச்சு ஆயிரக்கணக்குல வருசமாச்சு, அதுக்கென்ன அவசரம்? நான் பாத்துக்கிறேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடக்கத்தன்று பொன்னுச்சாமி என் பக்கத்தில் வந்து நின்றார். "இனிமே அந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் கெடக்கும், என்னங்க?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பாயின் படம் பாதியில் நிற்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த அமாவாசையன்று சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது போன் வந்தது. ஜெரால்டு.

"சார், பாய் நம்பருக்குத்தான் அடிச்சேன். அவங்க டாட்டர் உங்க நம்பர் குடுத்தாங்க. ஓனர் சொல்றாரு, கேக்குறதுக்கு ஆள் இல்லேன்னா லைட்ட இனிமே ஆஃப் பண்ண வேணாம்னு. அதான்... நீங்க கேக்குறீங்களா சார்?"

முழங்கால் வலித்தது. மேற்கே மலைமேல் கருமேகம் அடைத்துக்கொண்டு நின்றது. போனாலும் ஒன்றும் கிடைக்காது என்பது கீழேயிருந்தே தெரிந்தது. எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

"கேக்குறேன் தம்பி. அணைச்சிருங்க" என்றேன்.

அவருடைய தொலைநோக்கி அவர் மகளிடம் இருக்கிறது. பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் வராது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கேட்கும் வேலை ஒன்றுதான். அன்று இரவு மலையில் மழை. விளக்கு அணைந்திருந்ததாகப் பொன்னுச்சாமி சொன்னார்.