முதலாளி தந்த சந்தனச் சவர்க்காரம்

மருமகள் வாங்கி வந்த சந்தனச் சவர்க்காரக் கட்டியின் உறையைப் பிரித்ததும், வெள்ளைக்காரன் காலத்துக் கொட்டாஞ்சேனையில் இருந்த, இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்தப் புடவைக்கடைதான் மூக்குக்குள் வந்து நின்றது.

பாலன் பிறந்த நத்தார்ப் பண்டிகைக்குத் துணி எடுக்கும் வாடிக்கைக்காரருக்கெல்லாம் முதலாளி நீலத்தாளில் சுற்றி ஒரு சவர்க்காரம் தருவார். "சும்மா தாறதைத் துணியிலை பிடிச்சிருப்பான்" என்று அம்மா அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் தகரப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, துணியை மேசையில் விரித்து முழம்போட்டு இரண்டு தரம் அளப்பா. ஒரு வருஷமும் குறைந்ததில்லை. அதுவே அவவின் சந்தேகத்தைக் கூட்டியது.

உலகச் சண்டை தொடங்கிய வருஷம் சவர்க்காரம் தரவில்லை. "இப்பதான் மனுசன் நேர்மையா யாவாரம் செய்யிறார்" என்று அம்மா அளக்காமலே துணியைத் தையல்காரரிடம் கொடுத்தா.

கைக்குத் துணி போதாமல், அந்த நத்தாருக்கு நான் கையில்லாத சட்டையோடுதான் கோயிலுக்குப் போனேன்.