மீசை வைக்காத வீடு

அடிஸ் அபாபாவில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரி அல்மாஸுக்கு, ‘மொழி’ என்பதற்கான இவ்வூர்ச் சொல்லை நான் சொல்லும் விதம் பிடிக்கவில்லை. இவர்கள் அதை ‘குவான்குவா’ என்கிறார்கள். நான் கு, வா என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேனாம். க் வரும்போதே உதடு குவிந்திருக்க வேண்டும் என்று தன் வாயைத் தொட்டுக் காட்டுகிறாள். அந்த ஒலிக்கு இங்கே தனி எழுத்தே உண்டு. காலையில் சவரம் செய்கையில் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். அட, நம்மிடமும் இருக்கிறதே! ‘குடை’ என்று தொடங்கினால் சத்தத்துக்கு முன்னாலேயே உதடு குவிகிறது, ‘கிளி’க்குக் குவிவதில்லை. நீங்களும் சொல்லிப் பாருங்கள், இரண்டு க்-கும் ஒன்றல்ல. வாத்தியார் வேலைக்கென்று கப்பலேறி வந்தவனுக்கு இது தெரிய இத்தனை வயதாகிவிட்டது.

மலையாள எல்லையிலிருக்கும் எங்கள் ஊர் பாறசாலையில் என் தங்கை சரசுவுக்கு இது சிறுவயதிலேயே தெரியும். அவளுக்குக் காது கேட்காது. நான் ‘குடை’ என்று வாயெடுக்குமுன் குடையோடு நிற்பாள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். இரண்டையும் உதட்டிலேயே படித்துவிடுவாள். அவளுக்காகவே எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் மீசை வைப்பதில்லை.

எங்கள் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். போலீஸ் தேடியதால் ஒளிந்து திரிந்த நான், ஆள் தெரியாமலிருக்க மீசை வளர்த்தேன். கொஞ்சம் மிடுக்கும்தான், மறைப்பானேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சரசுவிடம், “நாளைக்குப் பனச்சமூட்டுக்குப் போவாதே, அடி நடக்கும்” என்றேன். தலையாட்டினாள். தைத்த ரவிக்கைகளைச் சந்தையன்று அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வழக்கம். மறுநாளும் போனாள். தடியடியில் கூட்டம் சிதறி ஓட, சத்தமே கேட்காமல் நின்றவளின் வலது மணிக்கட்டு முறிந்தது.

“மீசைய எடுத்துட்டுப் பேசப்பிடாதா மக்கா? அவளுக்கு உன் வாயாக்கும் காது” என்றாள் அம்மா.

தமிழுக்காகத் திரிந்தவன், தங்கைக்குத் தமிழில் ஒரு வார்த்தை விளங்கச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது. மீசை அன்றே போயிற்று.

போன மாதம் ஸ்டூடியோவில் படம் எடுத்துச் சரசுவுக்கு அனுப்பினேன். சிரிக்கச் சொன்னார்கள். நானோ விளையாட்டாக, ‘குவான்குவா’வின் முதல் எழுத்தான ‘குவா’வில் வாயை நிறுத்திக்கொண்டேன். நேற்று பதில் வந்தது. முறிந்த கையின் கோணல் எழுத்து.

“அண்ணா, படத்துல நீ என்னமோ சொல்ல வாறே. குடையோன்னு நினைச்சேன், வாய் அதுக்கு மேல திறந்திருக்கு. மலையாளமும் இல்ல. ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன். மீசை ஒண்ணும் இல்ல. ஆனாலும் நீ சொல்லுதது எனக்கு வெளங்கல்ல.”