ஆறிய காபி

இந்தோனேசிய மொழி கற்பிக்க எங்களைப் பயிற்றுவித்த ஜாவாக்காரப் பெண்மணி, எதையும் ஆள்காட்டி விரலால் சுட்டமாட்டார். மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால்தான் காட்டுவார். குள்ளமான உருவம், கருநீல முக்காடு, பெரிய மூக்குக்கண்ணாடி. “பாடத்தைப் புத்தகத்தில் தொடங்காதீர்கள், ஒரு வீட்டுக்குள் தொடங்குங்கள்” என்பார். அதற்காகவே வில்லியனூரில் வகுப்பு முடிந்ததும் எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவார்.

ஒதியம்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா புது டம்ளரில் காபி கொடுத்தாள். சிரித்து வாங்கி முன்னால் வைத்துக்கொண்டவர், அப்புறம் அதைத் தொடவே இல்லை. காபியில் ஆடை படிந்தது.

அம்மா நடவுக்குப் போன வீடுகளில் தனிக் குவளையில் குடித்தவள். என்னை அடுப்படிக்கு இழுத்தாள். “இன்னாடி, எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் நம்ம வூட்ல குடிக்க மாட்டாங்களா?” அவள் கண் கலங்கியிருந்தது.

பதறிப்போய், அம்மா கண் கலங்கி நிற்பதைச் சொல்லி, ஏன் குடிக்கவில்லை என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் திகைத்தார். “வீட்டுக்காரர் ‘குடியுங்கள்’ என்று சொல்லாமல் எங்கள் ஊரில் தொடமாட்டோம். அம்மா சொல்வார் என்றுதான் காத்திருந்தேன்.”

அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “கையில குடுத்தப்புறம் தனியா வேற சொல்லணுமா? குடிங்கம்மா!”

ஆறிய காபியை அவர் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

தெருமுனையில், “இதையே உன் முதல் பாடமாக எழுது” என்றார். பிறகு கட்டைவிரலால் எங்கள் வீட்டைக் காட்டி, “ஒரு காபிக்கு அம்மாவின் கண் ஏன் கலங்கியது?” என்று கேட்டார்.

அவர் ஊர் திரும்பிவிட்டார். பாடத்தில் அவர் ஊர்ப் பாதியை எழுதிவிட்டேன். எங்கள் ஊர்ப் பாதிதான் இன்னும் எழுத வரவில்லை.