புகை குடித்தவர்

அன்று கிளினிக் அறையில் டொக்டர் இருந்தார், ஒரு தாதி இருந்தார், என் மனுசன் இருந்தார், நான் இருந்தேன்.

மனுசன் வெளிநாட்டில், நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிற இடத்தில், சாம்பல் அள்ளினவர். நெஞ்சு இழுக்கத் தொடங்கியதும் உருத்திரபுரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்.

"புகை குடிக்கிறதா?" என்று டொக்டர் கேட்டார். அவர் சிங்களவர், தமிழ் பழகிக்கொண்டிருந்தார்.

"ஓம் ஐயா, வருசக் கணக்காக் குடிச்சனான். கம்பனி சும்மா தந்தது."

தாதி சிரித்தார், நானும் சிரித்தேன். டொக்டருக்கு 'ஓம்' மட்டும்தான் விளங்கியது. புகைபிடிப்பவர் என்று எழுதினார். மனுசன் பீடிகூடத் தொட்டதில்லை.

நட்டஈடு கேட்டபோது அதைப் பிடித்துக்கொண்டு கம்பனி, நோய் தங்கள் தூசியால் வந்ததல்ல என்றது. டொக்டர் பிறகு திருத்திக் கொடுத்தும் ஏற்கவில்லை.

"உங்களுக்கு அங்கயும் ஒரு பகிடி" என்று ஏசினேன்.

"நீயும்தானே சிரிச்சனி" என்றார்.

போன மாதம் அவருடன் வேலை செய்தவர் போன் எடுத்தார். "அக்கா, புகைபோக்கிக்கு வடிகட்டி போடச் சொல்லிச் சட்டம் வந்திட்டுது. கொஞ்சக் காலத்தில கரியையே நிப்பாட்டப் போகினமாம். அண்ணைட்டச் சொல்லுங்கோ."

போன் எடுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மனுசனைத் தை மாதமே சுடலையில் எரித்துவிட்டார்கள் என்றேன்.

"என்ன வயசக்கா?" என்று கேட்டார்.

நாற்பத்தொன்று.