அம்மா சொன்ன பெயர்

கடல் கடந்து வந்து குடியேறிய பிளாக்டவுனில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போயிருந்தேன். மேசையில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். சொன்னேன். சீட்டு கைக்கு வந்ததும் மனது மதுரைக்குப் போய்விட்டது.

நாடு குடியரசான பிறகு வந்த முதல் தேர்தல் அது. அம்மா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். "பிரதமருக்கும் ஒரு ஓட்டுதானாம், எனக்கும் ஒண்ணுதானாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்திருந்தேன்.

"மீனாட்சின்னு உங்க தெருவுல மூணு பேர் இருக்காங்கம்மா. வீட்டுக்காரர் பேரைச் சொன்னாத்தான் சீட்டு" என்றார் ஓட்டுச்சாவடி அதிகாரி.

புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம். அம்மாவுக்கு வேர்த்துவிட்டது.

"நான் சொல்றேன் சார்" என்றாள் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா.

"ஓட்டு அவங்களோடது. அவங்கதான் சொல்லணும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "சோமசுந்தரம்!"

கூடமே அதிர்ந்தது. ஆண்கள் வரிசையில் நின்ற அப்பா திடுக்கிட்டு, "இந்தா இருக்கேன்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் சீட்டை வாங்கிக்கொண்டு, மறைப்புக்குள் தனியாகப் போனாள். அவ்வளவு பெரிய மனுஷியாக அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. வாய் பிளந்து நின்றேன்.

திரும்பி வரும்போது அப்பா மெல்லக் கேட்டார்: "இன்னொரு தடவை என் பேரைச் சொல்லேன்."

"அடுத்த எலெக்‌ஷன்ல பாக்கலாம்" என்றாள் அம்மா.