தாலுகா கச்சேரிக்கு மட்டும் விதவை

ஜெர்மன் சண்டைக் காலத்தில் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக் கிளார்க்காகக் கப்பலேறினார். துப்பாக்கி பிடிக்கப் போகவில்லை, மூட்டைக் கணக்கு எழுதப் போனார். அவர் பஸ்ராவில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டதாகச் சர்க்கார் காகிதம் வந்தது. அதைப் படித்துச் சொன்ன கிராம முன்சீப், பெண்டாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

என் மாமியார் சாவுச் சேதியை ஏற்கவில்லை. "பொணத்த நீ பாத்தியா, நான் பாத்தேனா? அவன் பேர்ல எத்தன பேரு பட்டாளத்துல இருப்பான்" என்றார். நான் அழுதால் அவர் மகனுக்கு ஆகாது என்று அழவும் விடவில்லை. எங்கள் பிள்ளைமார் வீடுகளில் கருமாதிக்கு உறவுப் பெண்கள் கூடித்தான் தாலியை இறக்குவார்கள். கருமாதியே நடக்காததால் தாலி என் கழுத்தில் கிடந்தது. தினமும் காலையில் மாமியாரே எனக்குக் குங்குமம் வைத்து, தலையில் பூவும் செருகிவிடுவார்.

வயல் எல்லாம் மாமனார் காலத்திலேயே கைமாறிப் போயிருந்தது. அரிசிப் பானை காலியாகக் காலியாக எனக்குப் பயம் வந்தது. ஒருநாள் விடிகாலையில், மில் வேலைக்குப் போகும் பெண்களின் பின்னாலேயே நடந்து, அவர்கள் மில் பக்கம் திரும்பிய பிறகு தனியாகத் தாலுகா கச்சேரிக்குப் போய் நின்றேன்.

குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாலியும் பூவுமா வந்து விதவைப் பணம் கேக்கியே. அவரு இருக்காரா, இல்ல வேற எவனும் கட்டியிருக்கானா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கூட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அரிசிப் பானை ஞாபகம் வந்தது, சும்மா நின்றேன். நான் விதவையாகத்தான் இருக்கிறேன், மறுபடி கட்டிக்கொள்ளவில்லை என்று பணம் வாங்கும் ஒவ்வொரு தடவையும் கிராம முன்சீப் கண்ணால் பார்த்து எழுதித் தரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முன்சீப் தலையைச் சொறிந்தார். "கருமாதி நடக்காத வீட்டுப் பொம்பளைய விதவைன்னு நான் எப்படித் தாயி எழுத? உன் மாமியா எங்க வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவாளே." பிறகு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கச்சேரிக்குப் போம்போது மட்டும் கழட்டிக்கோ. நான் பாத்துட்டு எழுதுதேன்."

மறுநாள் கச்சேரிக்குப் போகிற வழியில், ஆற்றங்கரையில் ஆள் இல்லாத இடத்தில், முன்சீப் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். தாலியை நானே கழற்றி முந்தானையில் முடிந்தேன். ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குங்குமத்தை அழித்தேன்.

"ஆச்சா தாயி?"

"ஆச்சு அண்ணாச்சி."

அவர் திரும்பிப் பார்த்தார், எழுதினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இதற்கு ஊரே கூடிக் கட்டிப்பிடித்து அழுமே, எனக்கு ஒரு சர்க்கார் ஆள் மட்டும் நிற்கிறாரே என்று தோன்றியது. "பைய வா" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். திரும்பி வரும்போது அதே இடத்தில் தாலியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பென்ஷன் வரத் தொடங்கியது. அரிசி வந்து இறங்கியதும் மாமியார் கேட்டார்: "அவன் அனுப்பிச்சானா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வது? படித்துறையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எம் மவன் தவறாம அனுப்புதான்" என்று அவர் பெருமை பேசினார். கேட்ட பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுத் துணியை அலசினார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் கல்யாண வீட்டில் எனக்குத் தாம்பூலம் நீட்டமாட்டார்கள். துக்க வீட்டிலோ, பூ வைத்திருக்கிறவளைச் சேர்த்துக்கொண்டு அழமாட்டார்கள். இரண்டு வீட்டிலும் நான் ஓரமாக நின்றுவிட்டு வருவேன்.

எந்தப் புண்ணியவானோ மொட்டை மனு போட்டான். புருஷன் உயிரோடு இருக்கிறான், பணம் அனுப்புகிறான், இவள் சர்க்காரை ஏமாற்றுகிறாள் என்று. பென்ஷன் நின்றது. விசாரிக்க ரெவினியூ இன்ஸ்பெக்டர் முன்சீப்பையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். மகனைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மாமியாருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து உபசரித்தார்.

"உங்க மகன் எங்கம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பஸ்ராவுலதான் இருக்கான். பணம் அனுப்புதான். இவ கழுத்தப் பாருங்க." கதவுக்குப் பின்னால் நின்ற என்னை இழுத்து வந்து தாலியை எடுத்துக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். முன்சீப் தரையைப் பார்த்தார். அதை எழுதிவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இல்லை, எனக்காக எழுதிக் கொடுத்த மனுஷனுக்கு வேலையும் இல்லை.

"அவுஹ இல்லைய்யா" என்றேன். "செத்துப் போயிட்டாஹ. அது சர்க்கார் குடுத்த பணம்."

அதுவரை அந்த வார்த்தையை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. முதல் தடவையாக அவரைப் பெற்றவள் முன்னால் சொன்னேன்.

"அப்ப தாலி?" என்றார் இன்ஸ்பெக்டர். மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து, என் பிடரியில் கையை விட்டு முடிச்சைத் தேடி அவிழ்த்தார். தாலியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பென்ஷன் திரும்பவும் வந்தது. அதற்கப்புறம் யாரும் அதை நிறுத்தவில்லை. மாமியாரும் வெகுகாலம் இருந்தார். நான் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டார், ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தாகம் எடுத்தால் சுவரைப் பார்த்து, "தண்ணி வேணும்" என்பார். அவரைப் பொறுத்தவரை மகன் பஸ்ராவில் சாகவில்லை. எங்கள் முற்றத்தில், என் வாயால்தான் செத்தார். அழத் தடை எதுவும் இல்லாமல் போன பிறகு மாமியார் உள்ளறையில் அழுதார், நான் அடுக்களையில் அழுதேன். நடுவில் ஒரு கதவுதான், அதைத் தாண்டி இரண்டு பேரும் போகவில்லை.