மூன்று போத்தல் மண்ணும் ஒரு சோதனைச்சாவடியும்

கந்தளாய்க் குளம் பார்க்கப் போகும் வழியில் மண்ணையும் பார்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. நான் மண்ணுக்காகவே போய்வந்தவள். சண்டைக் காலத்தில் எங்கள் துறைமுக நகரில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தேன். பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சாவடிகளுக்குப் பயந்து நகரைத் தாண்டாத என் பதினொரு பிள்ளைகளுக்கும் மண்வகைகள் புத்தகத்தில் மட்டுமே இருந்தன. எனக்கு அது பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சைக்கிளில் சல்லி என்ற கடலோரக் கிராமம், ஏழு கிலோமீற்றர். மீன் காயப்போட்ட பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க, வெள்ளை மணலைத் தோண்டிப் போத்தலில் அடைத்தேன். நகருக்கு மறுபக்கம் பாலையூற்றில் படிகக்கல் கலந்த சிவப்பு மண். சைக்கிளை அங்கே விட்டுவிட்டு, பன்னிரண்டு ரூபாய்க்குப் பஸ்ஸில் கந்தளாய். வயலோரத்தில் கரிய களி. ஒரு காலைக்குள் மூன்று மண்! எங்கள் துறைமுகத்தின் ஆழத்தை எல்லாரும் மெச்சுவார்கள். தரையை மெச்ச ஆளில்லையே என்று எனக்கு எப்போதும் ஒரு கோபம்.

திரும்பும்போது, இரண்டு மணிக்கு, சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். வாத்தியார் புத்தி, போத்தல்களில் ஊரும் தோண்டிய ஆழமும் எழுதி ஒட்டியிருந்தேன்: "சல்லி, ஒரு அடி." "கந்தளாய், இரண்டு அடி." கண்ணிவெடிக் காலத்தில் எவராவது அப்படி எழுதுவார்களா? தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரீச்சர், இந்த இடங்களில என்ன புதைச்சு வைச்சிருக்கிறீங்கள்?"

"புதைக்கேல்லை. தோண்டி எடுத்தனான்."

அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற சிப்பாய் போத்தல்களைக் கொட்டப் போனார். வகுப்பில் செய்வதைக் காட்டுகிறேன் என்று கெஞ்சி, மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டினேன். சல்லி மணல் உதிர்ந்தது. பாலையூற்று மண் திரியாக நீண்டு, பாதியில் முறிந்தது. கந்தளாய்க் களி வளையமாகவே வளைந்தது. சிப்பாய் கையை நீட்டினார். கொஞ்சம் களி கொடுத்தேன். என்னைவிட நேர்த்தியாக வளையம் செய்தார். பிறகு மூன்று போத்தலையும் அவரே இறுக்கி மூடித் தந்தார்.

நீங்கள் போவதானால் ஒரு போத்தல் தண்ணீரும் பழைய கரண்டியும் போதும். விதைத்த வயலுக்குள் இறங்காதீர்கள், வரம்போரம் எடுங்கள். சொந்தக்காரரைக் கேட்டுவிட்டே தோண்டுங்கள்.

திங்கட்கிழமை பதினொரு உள்ளங்கையிலும் கந்தளாயை வைத்தேன். கடைசி வாங்குப் பலகையில் இருந்த பிள்ளை விரல்களை விரித்து, மூடி, திரும்ப விரித்தாள்.

"களி ஒட்டும் எண்டு ரெண்டு வருஷமா எழுதினனான், ரீச்சர். இண்டைக்குத்தான் ஒட்டுது."